மடியில் வந்த நத்தை

என் கணவர் பட்டு நெய்கிறவர். ஒரு புடவைக் கரையை ஒரு தடவை பார்த்தால் போதும், எத்தனை இழை விட்டு எத்தனை இழை எடுக்க வேண்டும் என்று ஒரு மாதம் கழித்தும் காகிதம் பார்க்காமல் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, கடல் தண்ணீர்த் தொட்டியில் விட எந்த நத்தை ஆகும், எந்த நத்தை ஆகாது என்று நான் சொல்லிக்கொடுத்த மூன்றே மூன்று விஷயம் மூன்று மாதமாக மண்டையில் ஏறவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எனக்குக் கோபம் முதலில் வரும், புத்தி அடுத்த பஸ்ஸில் வரும்.

காஞ்சிபுரத்தில் கடல் தொட்டி எதற்கு என்று யாருக்கும் தோன்றும். நான் பிறந்தது கோவளத்துக்குத் தெற்கே ஒரு உப்பளத்து ஊர். வாசலில் இறங்கி நூறு அடி நடந்தால் பாறை, பாறையைத் தாண்டினால் கடல். அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையம் வந்து சேர்ந்தேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். காற்று அடித்தால் இழை அலையும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். முதல் ஆறு மாதம் எனக்கு மூச்சு முட்டியது. அப்புறம் பழகிக்கொண்டேன். அவர் நல்ல மனுஷன். மாமியாரும் நல்லவர்தான், அதை வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

இரண்டாவது வருஷம் ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து பிரசவத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வருவதற்குள், செவ்வாய்க்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. பெண் குழந்தை. பொழுது சாயும்வரைகூட இருக்கவில்லை. வளையல்களை நானே கழற்றி ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு மூடினேன்.

நான் அழவில்லை. பேசவும் இல்லை. கேட்டால் உம் என்பேன், இல்லாவிட்டால் ஊஹூம் என்பேன். அம்மா வந்து கூப்பிட்டாள், போகவில்லை. பிள்ளைத்தாய்ச்சியாகப் போக வேண்டிய வீட்டுக்கு வெறுங்கையோடு போய் நிற்பதா என்று எனக்கு ஒரு வீம்பு. அங்கே போனால் தெருவில் ஒவ்வொருத்தியும் என் வயிற்றைப் பார்ப்பாள், பிறகு முகத்தைப் பார்ப்பாள், பிறகு “ச்சு” கொட்டுவாள். அந்த ஊரும் வேண்டாம், கடலும் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அவர் தினமும் தறியிலிருந்து எழுந்து வந்து கேட்பார். “இன்னாமா வேணும் உனக்கு? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லு.” தினமும் இதே கேள்வி. ஒரு நாள் எரிச்சலில் சொன்னேன். “கடல் வேணும். கொண்டாந்து குடுப்பீங்களா?”

வேறு எந்த ஆம்பளையாக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பான். இவர் ரேழியை ஒரு தடவை கண்ணால் அளந்தார். பிறகு, புடவைக்கு ஆர்டர் கொடுக்க வந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்டார். “எவ்ளோ நீளம், எவ்ளோ அகலம்?”

 அவரே அளவு வைத்துக்கொண்டார். நடு ரேழியில் மூன்று அடி நீளத்துக்குச் சிமெண்டுத் தொட்டி எழுந்தது. முன்பக்கம் மட்டும் கண்ணாடி. கண்ணாடியைச் சுற்றி, படகுக்குப் பூசும் கீலை எங்கள் ஊரிலிருந்து வாங்கிவந்து காய்ச்சி அடைத்தார். சிமெண்டின் காரம் போகட்டும் என்று ஒரு மாதம் நல்ல தண்ணீர் விட்டு விட்டு மாற்றினார். அப்புறம் ஒரு நாள் காஞ்சிபுரத்துக்கு வந்த உப்பு லாரியில் என் அண்ணன் நான்கு டிரம் நிறையக் கடல் தண்ணீர் அனுப்பிவைத்தான். மணல் வந்தது. பாறைத் துண்டுகள் வந்தன, அவற்றில் ஒட்டிக்கொண்டு ஒரு கடல்பூவும் வந்தது, தொட்டால் சுருங்கி, விட்டால் விரியும். கறுப்புக் கோடு போட்ட இரண்டு சின்ன மீன்கள் வந்தன. காற்றுக் குமிழி விடுகிற குட்டி மோட்டாரை அவர் மெட்ராஸ் போய் வாங்கிவந்தார். கரண்ட் போனால் சைக்கிள் பம்பை எடுத்துக்கொண்டு தொட்டி பக்கத்தில் குந்திவிடுவார்.

தொட்டிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று உத்தரத்திலிருந்து ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். உத்தரத்தில் அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கொக்கி இருந்தது. தூளி கட்ட என்று வளைகாப்புக்கு முன்னால் அவரே அடித்த கொக்கி. ஏணியில் ஏறி ஒயரை அதில் மாட்டிவிட்டுக் கீழே என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

மாமியார் ஒரு நாள் முழுக்கத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “வரதராஜர் கோயில்ல அத்தி வரதர் தண்ணிக்குள்ள கீறாரு, நம்ம வூட்ல மீனு கீது” என்றார். அதில் கிண்டல் எவ்வளவு, பக்தி எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நானும் பார்த்தேன். வேலை முடிந்ததும் பலகையைப் போட்டுக் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவேன். பேச்சு வரவில்லை, ஆனால் மூச்சு வந்தது. அப்படிச் சொல்வதுதான் சரி.

பிரச்சினை மூன்றாவது வாரம் வந்தது. குண்டு பல்பின் வெளிச்சத்தில் கண்ணாடி பச்சை பிடித்துவிட்டது. முதலில் லேசாக, பிறகு குளத்துப் படிக்கட்டு மாதிரி. உள்ளே மீன் இருக்கிறதா, செத்துவிட்டதா என்றே தெரியவில்லை. துணி விட்டுத் துடைத்தால் தண்ணீர் கலங்கியது. அப்போதுதான் நான் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் பேசினேன். “நத்தை விட்டா அது மேஞ்சிடும்.”

அவர் அந்த ஞாயிற்றுக்கிழமையே மூன்று பஸ் மாறி என் ஊருக்குப் போனார். மாமியாரின் ஊறுகாய் ஜாடிகள் இரண்டில் தண்ணீரும் நத்தையுமாக வந்து இறங்கினார். பித்தளைக் குடம் கூடாது, செம்பும் களிம்பும் கடல் பிராணிக்கு ஆகாது என்று நான் சைகையில் சொல்லியிருந்தேன். அதை மட்டும் சரியாகச் செய்தார்.

ஜாடியில் ஐந்தாறு சின்னக் கறுப்பு நத்தைகள், நல்லவைதான். கூடவே இரண்டு பெரிய நத்தைகள், வெண்ணெய் உருண்டை மாதிரி வழவழவென்று. கேட்டால் மணலில் புதைந்திருந்ததாகச் சொன்னார். நான் கவனிக்காமல் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். நாலு நாளில் சின்ன நத்தைகளில் பாதி காலியாகக் கிடந்தன. ஒவ்வொரு ஓட்டிலும் தச்சன் தமரால் துளைத்ததுபோல ஒரே அளவில் ஒரு வட்ட ஓட்டை. வழவழப்பான இரண்டும் மணலுக்குள் சுகமாகப் படுத்திருந்தன. களை எடுக்க வந்தவன் பயிரைத் தின்ற கதை.

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! “பாறை மேல ஒட்டிக்கினு இருக்கிறத எடுக்கச் சொன்னா, மணலத் தோண்டிக்கினு எவன் போகச் சொன்னான்? அது துளை போட்டு உறிஞ்சற ஜாதி! பச்சப்புள்ளைக்குக் கூடத் தெரியும்!” என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரம் நிறுத்தவில்லை. மாமியார் நூல் சுற்றுவதை விட்டுவிட்டு ராட்டையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தப்பு செய்தவர் வாயை மூடிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

பிறகு உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். ஒன்று, பாறையில் பச்சை மேய்ந்துகொண்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும், மணலில் புதைந்ததைத் தொடக் கூடாது. இரண்டு, ஓட்டின் வாய் வட்டமாக இருக்க வேண்டும். வாயின் நுனியில் கெண்டி மூக்கு மாதிரி நீண்டிருந்தாலோ வெட்டு இருந்தாலோ அது மாமிசம் தின்பது. மூன்று, சந்தேகமாக இருந்தால் ஒரு பாட்டிலில் பச்சைக் கல்லோடு போட்டு வைக்க வேண்டும். காலைக்குள் கல்லில் மேய்ந்த தடம் இருந்தால் கொண்டுவரலாம், இல்லாவிட்டால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். இதெல்லாம் நான் புத்தகத்தில் படித்ததல்ல. பாவாடை கட்டிய வயசில் பாறையில் குந்திப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அவரைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். தப்பில்லாமல் சொன்னார். “பாறை, வட்ட வாயி, மேஞ்ச தடம்” என்று விரல் மடக்கினார்.

அடுத்த மாதம் போய்வந்தார். ஜாடியைக் கவிழ்த்தால், முள் முள்ளாய், கெண்டி மூக்கு இவ்வளவு நீளத்துக்கு நீட்டிக்கொண்டு ஒன்று. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு, “இதுக்கு வாயி வட்டமாவா இருக்குது? இது இன்னா நாதஸ்வரமா?” என்று கேட்டேன். அன்று சாயங்காலம்வரை வசைதான். அதற்கு அடுத்த மாதம் வந்தது இன்னும் அழகு. வாயெல்லாம் வட்டமாகத்தான் இருந்தது. மணலில் விட்டதும் நத்தைக்குக் கால் முளைத்து ஓட ஆரம்பித்தது. காலி ஓட்டில் குடியிருக்கும் நண்டு! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு மறுபடி திட்டினேன். திட்டிவிட்டு, பசிக்குமே என்று சோறு போட்டேன், போட்டுக்கொண்டே திட்டினேன். அந்த வாரம் தெருக் குழாயடியில்கூட நான் பேசினேன். என் புருஷன் நத்தை வாங்கிவந்த லட்சணத்தைச் சொல்லாமல் எப்படி இருப்பது?

நாலாவது தடவை அவர் வந்தபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜாடிகளைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு களை. “ஜாடில இருக்கறது கெடக்கட்டும். இதப் பாரு” என்று இடுப்பைத் தடவினார்.

எங்கள் தெருவில் நெசவாளிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வீட்டிலிருந்து ஜரிகை வாங்கிவரும்போது பையில் போட மாட்டார்கள். பொட்டலத்தை இடுப்பு வேட்டி மடிப்பில் வைத்து, சுருட்டிச் செருகிக்கொண்டு வருவார்கள். உயர்ந்த பொருள் உடம்போடு ஒட்டி வர வேண்டும், அப்போதுதான் தவறாது என்பார்கள். “மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்” என்று ஊர் சொல்லும். இவருக்கு மடியில் கனமும் இருந்தது, வழியில் பயமும் இல்லை. மூன்று பஸ்ஸில் மூன்றரை மணி நேரம் எதையோ வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மடிப்பை அவிழ்த்து, ஈரக் கைக்குட்டையைப் பிரித்தார். அதில் ஒரு நத்தை. விரல் நீளம், மேலே தடித்துக் கீழே கூம்பி, வழவழவென்று இருந்தது. உடம்பு முழுக்கப் பொன்னிறத்தில் வெள்ளை வெள்ளையாக முக்கோணம், ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அரக்கில் கரை கட்டியிருந்தது. அச்சு அசலாகக் கோபுரக் கரை.

“ஆண்டவன் எப்படி நெய்ஞ்சிருக்கான் பாருமா” என்றார். குரல் குழைந்திருந்தது. “இந்தக் கோபுரத்த நான் நெய்யணும்னா கரைக்கு ஒரு நாடா, உடம்புக்கு ஒரு நாடா போட்டுக் கோத்துக் கோத்து உயிரு போயிடும். இதுல எங்கயாச்சும் கோர்வ தெரியுதா? ஒரு முடிச்சு தெரியுதா?” சொல்லிக்கொண்டே கூம்பின நுனியைக் கட்டைவிரலால் தடவப் போனார்.

எனக்கு அந்த நத்தை தெரியும். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது சங்கு பொறுக்க வந்த வெளியூர் ஆள் ஒருத்தர் அதை அழகு பார்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அதன் கூம்பின நுனியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று வரும். குத்தினால் முதலில் வலிகூடத் தெரியாது. கை மரத்தது, நாக்கு குழறியது, கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள், பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்த நத்தைக்கு எங்கள் வீடுகளில் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள்.

“கீழ போடுங்க!” என்று கத்தினேன். தெருவில் இரண்டு தறி நின்றுவிட்டது, அப்படி ஒரு கத்தல். அவர் பயந்துபோய்க் கைக்குட்டையோடு தரையில் விட்டார். அடுப்படி இடுக்கியை எடுத்துவந்து, தடித்த பக்கமாகப் பிடித்து, ஜாடித் தண்ணீரில் போட்டு மூடினேன். பிறகு அவர்மேல் பாய்ந்தேன். கையைப் புரட்டினேன், விரல் விரலாகப் பார்த்தேன். மாமியார் நிற்கிறார் என்ற நினைப்புகூட இல்லாமல் மடிப்பை விலக்கி வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். எங்காவது சிவப்பாக ஒரு புள்ளி இருக்கிறதா? “மரத்துக்கினு வருதா? நாக்க நீட்டுங்க. என் பேரச் சொல்லுங்க, சொல்லுங்க!”

“ஒண்ணும் இல்லமா” என்றார். “நல்லாத்தான் இருக்கேன்.”

அவர் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். செவ்வாய்க்கிழமை அழ வேண்டியதையும் சேர்த்து அழுதேன். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இந்த மனுஷன் எனக்கு வேண்டும். போனது போய்விட்டது, இதையும் கொடுக்க என்னால் முடியாது. மாமியார் வந்து என் தலையில் கை வைத்தார். “அழுவட்டும் வுடுடா” என்று மகனிடம் சொன்னார்.

எழுந்து மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னேன். “இனிமே நீங்க நத்த எடுக்கவே வேணாம். நாளைக்கு நானே வரேன். இத அங்கயே வுட்டுட்டு, நானே பொறுக்கிக்கினு வரேன்.”

அவர் “சரி” என்றார்.  புறப்படும்வரை ஜாடி முன்னால் குந்தி, மூடியின் இடுக்கு வழியாக அந்த முக்கோணங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மறுநாள் போனோம். ஜாடியைத் துணி போட்டுக் கட்டி என் காலுக்கிடையில் வைத்துக்கொண்டேன், அவரிடம் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்த் தெருவில் நான் பயந்தபடிதான் பார்த்தார்கள். வயிற்றைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள். “இன்னாடி அது ஜாடி?” என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு நத்தைக் கதையைச் சொன்னதில் “ச்சு” கொட்ட அவளுக்கு நேரமில்லை. அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.  நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் பாறைக்குப் போனோம்.

அண்ணன் கட்டுமரத்தில் போய் அந்த நத்தையை ஆழத்தில் விட்டுவிட்டு வந்தான். கடல் வற்றிப் பாறை தெரிந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். காலில் தண்ணீர் பட்டதும் உள்ளே ஏதோ அவிழ்ந்தது. வட்ட வாய், பாறை, மேய்ந்த தடம். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பார்த்து அண்ணனிடம் கொடுத்தேன். அவர் கொஞ்சம் தள்ளி, காலி ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் குரலைத் தாழ்த்திக் கேட்டான். “ஏம்மா, இதே நத்தையத்தான ஒவ்வொரு தபாவும் நான் மாப்ளைக்குப் பொறுக்கிக் குடுத்தேன்? மொத தபா மட்டும் அவரே எடுத்துக்கினாரு. அப்புறம் வந்தப்பல்லாம் நான் குடுக்கறத ஒண்ணு ஒண்ணா வாங்கிப் பாப்பாரு, கரெக்டா பேரு சொல்றாப்பல இது நல்லது, இது நல்லதும்பாரு. அப்புறம் எல்லாத்தையும் திருப்பித் தண்ணில வுட்டுட்டு, வேற எதுனா கண்றாவிய எடுத்துக்கினு பூடுவாரு. போன தபா நான் உப்பு வாரப் போயிட்டேன், இல்லன்னா அந்தச் சனியன எடுக்க வுட்டிருப்பனா? உங்க ஊர்ல மாமிசம் தின்றதுதான் வேணும்னு கேக்கறாங்களா இன்னா?”

நான் எழுந்து நின்றேன். பாறையில் வழுக்கி வழுக்கி அவரிடம் போனேன். “அண்ணன் சொல்றது நெஜமா?”

ஜாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மொத தபா தெரியாமத்தான் தப்பா எடுத்துக்கினு வந்தேன். நீ அர மணி நேரம் திட்டுன. எட்டு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் உன் கொரலு கேட்டுச்சு.” ஜாடியின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். “நல்ல நத்தையா எடுத்தாந்தா சரின்னு தலையாட்டிட்டு உள்ள பூடுவ. அதான். கடைசியா மடில கொண்டாந்தது வெசம்னு சத்தியமா தெரியாதுமா. வாயி வட்டமா இல்ல, உனக்குக் கோவம் வரும்னு மட்டும் தெரியும்.”

அன்றைக்குப் பொறுக்கிய நத்தை பன்னிரண்டு. பன்னிரண்டும் வாய் வட்டமானவை, பாறையில் மேய்ந்தவை, ஒன்றுகூடத் தப்பில்லை. இருந்தாலும் அந்தப் பாறையிலிருந்து பஸ் நிற்கும் இடம்வரை நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார்.